மாமா எழுதிய ஏரு

எங்கள் வீட்டில் ஏரு என்றால் கலப்பையும் அதை இழுக்கும் மாடுகளும்தான். தெலுங்கு வாத்தியார் வாயில் அதே சொல் வந்தால் அது ஆறு. நகரிப் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் அத்தையின் புருஷன். மாமா காஞ்சிபுரத்துக்காரர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலையில் படம் எழுதிக்கொண்டிருந்தவர். அந்த வேலை குறைந்துபோனதும் அத்தையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று பெரியவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு அந்தக் கவலை இல்லை. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் வேலை கிடைக்காவிட்டால் அத்தையைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடுவதாக மாமா சொல்லியிருந்தார். எனக்குத் தலை பின்னிவிடுவதும், பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்வதும் அத்தைதான். அந்த வேலை மாமாவுக்குக் கிடைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சாமிகளிடமெல்லாம் கேட்டுக்கொண்டேன்.

சித்தூரிலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. அவருக்குக் காட்டப் பள்ளிச் சுவரில் ஒரு படம் வேண்டும் என்று பெரிய வாத்தியார் கூப்பிட்டனுப்பினார். "மன ஏரு பொம்ம வெய்யண்டி" என்றார். நம்ம ஆற்றை எழுதுங்கள் என்று அர்த்தம். மாமா தலையாட்டிவிட்டு வந்தார். சுவர் முழுக்க உழுத நிலம் எழுதினார், சால் சாலாக. நடுவே இரண்டு வெள்ளை மாடுகள். பின்னால் மேழி பிடித்தபடி எங்கள் நைனாவின், அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், சாயலில் ஓர் ஆள்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் பெரிய வாத்தியார் வந்து பார்த்தார். "ஏரு எக்கட?" என்று கேட்டார், ஆறு எங்கே என்று. மாமா பெருமையாகக் கலப்பையைக் காட்டினார்.

மத்தியானம் சாப்பாட்டில் நைனா விடவில்லை. "ஆத்த எழுதச் சொன்னா மாட்ட எழுதினு வந்துகிறாரு எங்கூட்டு மாப்ள! ஆபீசரு வந்து குளிக்கறதா, ஏரு ஓட்றதா?" எல்லாரும் சிரித்தார்கள். "நீங்க துன்னுங்க மாப்ள. துன்றதுக்கு இன்னா பாஷ வேண்டிக்கீது?"

மாமாவும் கூடச் சிரித்தார். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அத்தை மட்டும் கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாப்பிட்டதும் மாமா ஆற்றுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். கோடையில் எங்கள் ஆறு வெறும் மணல். அதில் காற்று வரிவரியாகக் கோடு போட்டிருந்தது. பெண்கள் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணியே இல்லையேம்மா?" என்றார் மாமா.

"அடியில போய்க்கினு கீது சாமி. நோண்டினா வரும். நீ குனிஞ்சி பாத்தாத்தானே?" என்றாள் ஒருத்தி.

மாமா உண்மையாகவே குனிந்து பார்த்தார். மணலை அள்ளி வெயிலில் வைத்து நிறம் பார்த்தார். நேராகப் பள்ளிக்கூடம் போனார். படத்தை அழிக்கவில்லை. உழுத மண்ணின்மேல் மணல் நிறத்தை ஓட்டினார். சால்கள் காற்றின் கோடுகளாகிவிட்டன. கலப்பை இருந்த இடத்தில் ஓர் ஊற்றுக்குழி. நுகம் நீங்கிய மாடுகள் அதில் வாய் வைத்தன. நைனாவின் கையில் ஒரு தண்ணீர்க்குடம் வந்தது. அக்கரையில், தெற்கே போகும் வண்டிப்பாதை.

மறுநாள் அதிகாரி சுவரைப் பார்த்து, "நீள்ளு லேவே?" என்றார். தண்ணீர் இல்லையே என்கிறார். மாமா விழித்தார். வாசலில் கூடியிருந்த பெண்கள் முந்திக்கொண்டார்கள். "உன்னாயி சார், கிந்த உன்னாயி!" இருக்கிறது, அடியில் இருக்கிறது. அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். இந்த ஜில்லாவில் ஆற்றை உள்ளபடி எழுதிய ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லி, மாமாவுக்கு வேலை போடச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். "அத்த, மாமாக்கு வேல கெடச்சிட்சி! நீ ஊருக்குப் போவ வேணாம்!" என்று அவள் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துவந்தேன்.

கூட்டம் கலைந்துபோயிருந்தது. அத்தை மாடுகளைப் பார்க்கவில்லை. குடத்தோடு நிற்கும் தன் அண்ணனைப் பார்த்தும் சிரிக்கவில்லை. அக்கரைப் பாதைமேல் விரலை வைத்தாள்.

"இது உங்கூருக்குப் போற பாததானே?"

"ஆமா" என்றார் மாமா.

"ஆத்துலதான் தண்ணியே இல்லியே. நடந்தே தாண்டிப் போயிருக்கலாம் இல்ல?"

மாமா தூரிகையைக் கழுவினார். பாவம், அத்தைக்குத் தெரியவில்லையே என்று எனக்குத் தோன்றியது.

"மழ வந்தா வெள்ளம் வந்துடும் அத்த. அப்போ தாண்ட முடியாது" என்று நான்தான் அவளுக்கு ஆற்றைப் பற்றி எடுத்துச் சொன்னேன்.