கதவைச் சாத்தாத முதலாளிகள்

எல்பா மோந்தியேலை நாங்கள் தலைவியாக்கியதற்குக் காரணம், அவளுக்குப் பேச வராது. எங்களுக்கெல்லாம் பேச மட்டும்தான் வரும்.

அர்ஜென்டினாவில், ரொசாரியோ நகரத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது எங்கள் சேமியா ஆலை. ஓடிப்போன முதலாளி, போன கையோடு இயந்திரங்களை அள்ளிவர லாரி அனுப்பினான். நாங்கள் கூடி நின்று கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தோம். எல்பா வாசல் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் வெந்நீர், கையில் மாத்தே குடுவை; அந்த இலைத் தேநீரை ஒரே குடுவையில் குழல் போட்டு ஆளுக்கு ஆள் மாற்றி உறிஞ்சுவது எங்கள் ஊர் வழக்கம். லாரிக்காரன் ஹாரன் அடித்துப் பார்த்தான், கத்திப் பார்த்தான். அவள் ஒரு குடுவை உறிஞ்சி முடித்து, மறுபடி நிரப்பி அவனிடம் நீட்டினாள். அவன் இறங்கி வந்து குடித்தான். லாரி காலியாகத் திரும்பியது. அன்றிலிருந்து எனக்கு அவள்மேல் தனி மரியாதை.

ஆலையை நாங்களே கூட்டாக நடத்தத் தொடங்கினோம்; அது எங்களுடையதானது. எல்லோருக்கும் ஒரே சம்பளம், ஆளுக்கொரு ஓட்டு. மேஸ்திரி என்ற வேலையையே ஒழித்துவிட்டோம். மாவு யாரிடம் வாங்குவது என்பதில் தொடங்கி, கழிப்பறையை யார் கழுவுவது என்பது வரை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில்தான் முடிவாகும். ஒருமுறை சுவருக்கு என்ன வண்ணம் என்று பேசிப் பேசி, கடைசியில் சுவருக்கு வண்ணமே அடிக்கவில்லை. கூட்டத்தில் மாத்தே ஊற்றிக் கொடுப்பது தலைவியின் வேலை. ஊற்றுகிறவளுக்கு வாதாட நேரம் இருக்காது என்றுதான் அப்படி வைத்தோம். ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தால் மட்டும் அவள் வாய் திறக்கலாம்.

உலர்த்தும் அறை எல்பாவின் புருஷன் நிக்கானோர் பொறுப்பு. அங்கே ஈரச் சேமியா நிதானமாகக் காய வேண்டும். கதவு திறந்து காற்று பட்டால் வெடித்து நொறுங்கிவிடும். ஒரு மத்தியானம் அந்த மனிதன் கதவை அப்படியே போட்டுவிட்டு, மாவு லாரி டிரைவரோடு கால்பந்தாட்டத்தைப் பற்றிச் சண்டை போட வாசலுக்குப் போனான். திரும்பி வந்தபோது அறை முழுக்க இருந்த சேமியா கோழிக்குத்தான் ஆகும் என்றாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை கூட்டம் கொதித்தது.

"பழைய மொதலாளியா இருந்தா அன்னைக்கே கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளியிருப்பான். நாமளும் தள்ளணும்," என்றான் ஒல்லி ராமிரோ.

"மொதல்ல உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்டா," என்றாள் பாக்கிங் பகுதி மிர்த்தா. "இந்த வயசுல அந்த ஆளுக்கு வேற எவன் வேல குடுப்பான்?"

"தலைவி புருஷன்னா தப்பு சின்னதாத் தெரியுதோ?" என்றான் ராமிரோ.

கை தூக்கச் சொன்னோம். சரிபாதி. எல்லோர் கண்ணும் எல்பாமேல் போனது. புருஷனைக் காப்பாற்றினால் நாளை அவள் சொல்லுக்கு மதிப்பிருக்காது. வெளியே அனுப்பினால் வீட்டில் எந்த முகத்தோடு அவன் எதிரில் உட்காருவாள்? அவள் ஊற்றிய வெந்நீர் குடுவையை நிறைத்து விரலில் வழிந்தது. அவள் கவனிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள். "கதவு தொறந்து கெடந்தத யாரெல்லாம் பாத்தீங்க?"

முதலில் மிர்த்தா கை தூக்கினாள். பிறகு, யாரும் எதிர்பார்க்காமல், ராமிரோ.

"பாத்தேன். ஆனா அது என் பகுதி இல்லியே. கூட்டத்துல சொல்லலாம்னு இருந்தேன்."

யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. நான் அன்று மறுகோடியில் மாவு பிசையும் இயந்திரத்தில் இருந்தேன். அங்கே இருந்திருந்தால் சாத்தியிருப்பேன் என்று சொல்ல ஆசைதான்.

"மேஸ்திரி இருந்தப்போ பயத்துலயாவது ஒருத்தர் சாத்தியிருப்போம்," என்றாள் எல்பா. "இப்ப எல்லாரும் மொதலாளி. அதான் ஒருத்தரும் சாத்தல. நிக்கானோர் ஆலைய விட்டுப் போக வேணாம். ஆனா அந்த அறை இனி அவருக்கு வேணாம், மாவு மூட்ட எறக்கட்டும். என் ஓட்டு அதுக்குத்தான். இன்னொண்ண நீங்க முடிவு பண்ணுங்க. தப்பக் கண்ணால பாக்குறவங்களே கதவச் சாத்தணும், மெஷின நிறுத்தணும். யாரையும் கேக்க வேணாம். அப்புறமா கூட்டத்துல வந்து சொன்னாப் போதும்."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. எல்லாக் கைகளும் எழுந்தன, நிக்கானோருடையதைத் தவிர. அவள் குடுவையை நிரப்பி முதலில் அவனிடம்தான் நீட்டினாள். வாங்கியவன் வாயில் வைக்காமல் அடுத்தவனிடம் தள்ளிவிட்டான். ஊரறியப் பெண்டாட்டியைக் கன்னத்தில் அறைந்ததற்குச் சமம் அது. எனக்கு அவன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

வீட்டிலும் அதே கதைதான். தனக்கு மட்டும் காப்பி போட்டுக்கொள்கிறான் என்று அவள் மிர்த்தாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். ஆனால் ஆலையில் அவள் கண் கலங்கி ஒருவரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குடுவையை அவனிடம் நீட்டினாள். அவனும் விடாமல் தள்ளினான்.

குளிர்காலத்தில் ஒரு பெரிய கடைக்காரர் ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்தார். நல்ல ஆர்டர் கிடைக்கும் போலிருந்தது. எல்பா அவரை உலர்த்தும் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்து காட்டினாள். அவர் கேள்விமேல் கேள்வி கேட்டார். பதில் சொல்லும் மும்முரத்தில் அவள் கதவை மறந்தே போனாள். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைக்காரர் முன்னால் தலைவியை எப்படி...

தோளில் மூட்டையோடு வந்த நிக்கானோர் அதைத் தொப்பென்று கீழே போட்டான். நேரே போய், இரண்டு பேரையும் விலக்கிவிட்டு, அவர்கள் மூக்குக்கு நேராகக் கதவை இழுத்துச் சாத்தினான். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

"யாரும்மா இந்த ஆளு?" என்றார் கடைக்காரர் எரிச்சலோடு.

"மொதலாளி," என்றாள் எல்பா.

அந்த வாரக் கூட்டத்தில் முதலில் எழுந்தவன் நிக்கானோர். "தலைவி அம்மா கதவத் தொறந்து போட்டாங்க. நான் சாத்துனேன். சொல்லணும்னு ரூலு, சொல்லிட்டேன்."

கூரை அதிரச் சிரித்தோம். எல்பா காது வரை சிவந்துபோய்க் குடுவையை நிரப்பி அவனிடம் நீட்டினாள். சிரிப்பு தானாக அடங்கியது. அவன் வாங்கினான். அடியில் சர்ரென்று சத்தம் வரும்வரை உறிஞ்சினான். காலிக் குடுவையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"சக்கர கம்மி," என்றான்.