சாமி பாதத்தில் வைத்து வாங்கிய கைத்தடி

என் வீட்டுக்காரருக்கு முழங்கால் சரியில்லை. போன வாரம் குளியலறையில் விழுந்தார். கொல்லைக் கொய்யாவில் கிளை வெட்டி, சீவித் தேய்த்து, நானே அவருக்கு ஒரு கைத்தடி செய்தேன்.

இன்று இங்கே மலேசியாவில், கூலிம் கோயிலில் அதை ஐயரிடம் கொடுத்து, சாமி பாதத்தில் வைத்து வாங்கினேன். வினை அங்கேதான்.

“சாமி காலடியில வச்சத தரையில ஊனுறதா? பாவம் லா!” என்று வீட்டுக்காரர் தடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“ஏங்க, பூசை போட்ட கார் ரோட்டுல ஓடலையா?”

“சந்தனத்த டயர்லயா வச்சாங்க?”

நானும் அப்படிப் பார்த்து வளர்ந்தவள்தானே.

பஸ் நிற்குமிடம் வரை கைத்தடி அவர் கையில், அவர் என் தோளில். வழியில் இருமுறை தடுமாறினார்.

தெரிந்தவர்கள் ஒரு வழி சொல்லுங்கள். ஐயரைக் கேள் என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்டேன், அவரும் இவர் கட்சி.