டைல்ஸுக்குள் போன நெடுங்கல்

எங்கள் தெருவில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கல் நின்றது. சங்ககிரிக்குப் பக்கத்தில் காட்டை மனை போட்டு விற்றவர்கள் அதைப் பிடுங்கச் சோம்பல்பட்டு, ரோட்டை வளைத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். செத்துப்போன யாருக்காகவோ அந்தக் காலத்து ஜனங்கள் நட்டது, வயது ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று படித்தவர்கள் சொன்னார்கள். நான் படித்தவன் இல்லை. முப்பது வருசம் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் தண்ணிக்கு போர் போட்டவன். ஆனால் பாறையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் வீட்டுக்கு போர் போட்டபோது கடைசிவரை வெள்ளைத் தூள்தான் வந்தது. நிற்கிற கல்லோ நல்ல கறுப்பு. அது அந்த இடத்துக் கல்லே இல்லை. கிரேன் இல்லாத காலத்தில் எங்கிருந்தோ இழுத்து வந்து நிமிர்த்தியிருக்கிறார்கள். அதை நினைத்தாலே எனக்கு மெய் சிலிர்க்கும்.

எதிர்வீட்டு லாரிக்காரருக்குச் சிலிர்க்கவில்லை. கல் அவர் வாசலுக்கு நேரே நிற்கிறதாம், வாஸ்துக் குத்தமாம்.

"என்ர வண்டி ரெண்டு மாசமா ஒர்க்‌ஷாப்புலயே கெடக்குதுங்க. எல்லாம் இந்தக் கல்லு பண்ற வேலை. புடுங்கிப் போட்டாத்தான் ஆகும்" என்றார்.

நேரத்துக்கு ஆயில் மாற்றாத மனுசனுக்குக் கல் என்ன செய்யும்? கல்லைக் காப்பாற்றச் சொல்லி தாலுகா ஆபீசுக்கு மனு எழுதிக்கொண்டு ஓடினேன். "பதிவுல இல்லீங்களே" என்று திருப்பி நீட்டினார்கள். ஆயிரக்கணக்கான வருசமாக வெட்டவெளியில் நிற்கிறது, பதிவில் இல்லையாம்! மறுநாள் பொக்லைன் வருகிறது என்று லாரிக்காரரே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

விடிகிற நேரத்தில் எழுந்தேன். மனைவிக்குக்கூடச் சொல்லாமல் மஞ்சளைக் குழைத்துக் கல்லில் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணி சுற்றி, அடியில் எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தேன். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் ஒரு தடையுத்தரவு கிடையாது. பொக்லைன் டிரைவர் பார்த்தார், இறங்கினார், செருப்பைக் கழற்றினார். "நானு புள்ளகுட்டிக்காரனுங்க, ஆள உடுங்க" என்று கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். நான் வீட்டுக்குள் போய் விழுந்து விழுந்து சிரித்தேன். அட மடையா, அன்றைக்கு என்ன சிரிப்பு!

அந்த வெள்ளிக்கிழமையே யாரோ விளக்கு வைத்தார்கள். அடுத்த மாதம் முனியப்பன் என்று பெயர் வந்தது. லாரிக்காரரின் வண்டி ஒருவழியாக ரிப்பேர் முடிந்து ரோட்டுக்கு வந்தது. அவ்வளவுதான், கோயில் கமிட்டித் தலைவரே அவர்தான். முதலில் கல்லுக்கு சில்வர் பெயின்ட் அடித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு அடி முதல் நுனி வரை டைல்ஸ் ஒட்டப்போவதாகச் சொன்னார்கள்.

கொத்தனார் கலவையைக் கையில் எடுத்தபோது பொறுக்க முடியாமல் ஓடிப் போய்க் கத்தினேன். "இது முனியப்பனும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க! மஞ்சப் பூசுனது நான்தான். கல்லக் காப்பாத்தோணும்னு பூசுனேன்!"

லாரிக்காரர் கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு உங்களை எழுப்பி உட்டதே அந்தச் சாமிதானுங்க. இத்தன பேரு இருக்கையில உங்க கையத் தேடிப் புடிச்சிருக்குது பாருங்க!"

தலையில் அடித்துக்கொண்டேன். எனக்கு அருள் வந்துவிட்டது என்று யாரோ திருநீறு பூசினார்கள்.

கும்பாபிஷேகத்தன்று பார்த்தேன். கறுப்பு ஓர் அங்குலம்கூடத் தெரியவில்லை. ரோஸ் நிறத்தில் பூப்போட்ட டைல்ஸ், பாத்ரூமுக்கு ஒட்டுகிற ரகம். பொக்லைன் தள்ளியிருந்தால்கூட எங்காவது ஓரத்தில் கிடந்திருக்கும், கண்ணாலாவது பார்த்திருப்பேன். முதல் பரிவட்டம் எனக்குத்தான் என்று லாரிக்காரர் பட்டுத்துணியோடு வந்தார். நான் பின்வாங்கினேன்.

"ஏனுங்க, எல்லாரும் பாக்கறாங்க. குனிங்க" என்றாள் மனைவி.

அந்தக் கல்லை ஒழித்துக்கட்டியதற்காக ஊர் எனக்குச் செய்த மரியாதையை, தலை குனிந்து வாங்கிக்கொண்டேன்.