அம்மா வாசிக்கச் சொன்ன பாடம்

எண்பதுகளில் தாராவியில் எங்கள் வீட்டை ஆண்டவர் பெரியப்பா. கீழே பை தைக்கும் பட்டறை. மரப்படி ஏறினால், இரண்டு குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்த ஒரே அறை. பெரியப்பா யாரையும் அடித்ததில்லை, கத்தியதுமில்லை; முடிவை மட்டும் சொல்வார். நாங்கள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொள்வோம்.

அக்காவின் கல்யாணத்தையும் அப்படித்தான் சொன்னார். குர்லாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் பையன், வாக்குக் கொடுத்தாயிற்று. பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அக்கா புத்தகத்தை மூடிவைத்தாள். அப்பா தலையாட்டினார்.

மறுநாள் சாயங்காலம் பெரியப்பா டீ குடிக்க மேலே வந்தபோது, அம்மா என்னைச் சரித்திரப் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். எனக்கோ அடுத்த நாள் கணக்குப் பரீட்சை.

"கணக்கு கெடக்கட்டும். போன வாரம் படிச்சியே, அந்த அமெரிக்காக்காரனுவ கத, அத வாசிட்டி."

வாசித்தேன். கடலுக்கு அப்பால் இருந்த இங்கிலாந்து அரசு அமெரிக்கக் குடியேற்றங்கள்மேல் வரி போட்டதை. உங்கள் சபையில் எங்கள் சார்பில் ஓர் ஆள்கூட இல்லையே என்று அவர்கள் கேட்டதை. கப்பலில் வந்த தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியதை.

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "சரியாத்தான் செஞ்சிருக்கானுவ. ஒரு வார்த்த கேக்காம சட்டம் போட்டா எவன் சும்மா இருப்பான்?"

"மூத்தவ கல்யாணத்துக்கு எங்களயும் யாரும் ஒரு வார்த்த கேக்கலியே அத்தான்."

அடுப்பின் அருகிலிருந்து அம்மாதான் பேசினாள். அதுவரை பெரியப்பாவிடம் அவள் நேராகப் பேசி நான் பார்த்ததில்லை.

அப்பா தரையைப் பார்த்தபடி, "அவ சொல்லுறது சரிதாண்ணே" என்றார்.

பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். "என்னட்டி இப்பிடிச் சொல்லிப்புட்ட!" என்று பெரியம்மா பதறினாள். அம்மா நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

சில நாட்கள் பெரியப்பா கீழே பட்டறையிலேயே சாப்பிட்டுக்கொண்டார். பிறகு ஒரு காலையில் குர்லாவுக்கு, பையன் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, "பரீட்சைய எழுது. பொறவு உன்னயும் கேட்டுக்கிட்டு பேசலாம்" என்றார்.

அதற்குப்பின் எந்த முடிவானாலும் ஞாயிறு மத்தியானம் எல்லோரும் உட்கார்ந்து பேசுவது என்றாயிற்று. பள்ளிக்கூடத்தில் பாடத்தின் மிச்சம் நடந்தது. மன்னரை உதறிய பதின்மூன்று மாநிலங்களும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டினவாம். கடைசியில் ஒரு கோடை முழுக்கக் கதவை அடைத்துக்கொண்டு வாதாடித்தான் அரசியல் சட்டத்தை எழுதினார்களாம். எங்கள் வீட்டிலும் அதே கூத்துதான். குழாயில் யார் தண்ணீர் பிடிப்பது, புது மெஷின் வேண்டுமா, கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்கு யார் போவது, எல்லாவற்றுக்கும் சண்டை. அக்கா அப்பாவையே மடக்குவாள். பெரியம்மா பெரியப்பாவைப் பாதிப் பேச்சில் நிறுத்துவாள். "அரே, ஒவ்வொருத்தரா பேசுங்க!" என்று அவர் கெஞ்சுவார்.

எனக்கு அலுத்துப்போயிற்று. ஒரு ஞாயிறு எல்லாம் ஓய்ந்தபின், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம், "முன்னாடி வீடு எவ்வளவு அமைதியா இருந்துச்சு, இல்லம்மா?" என்றேன்.

அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள். இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.