பீரோவுக்குப் பின்னால் இருந்த பலகை

எனக்கு இரண்டாவது கல்யாணம் நடந்தபோது வயது நாற்பத்தாறு. அவருக்கு ஐம்பத்திரண்டு. அவருக்கு அதுதான் முதல் கல்யாணம். மலைக்கு மேலே, கேரளப் பக்கத்து எஸ்டேட்டில், ஒரு தேயிலை ஃபேக்டரியில் பாய்லர் பார்க்கிறார். தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் தன் வயது போய்விட்டது என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவரே சொன்னார்.

என் மகள்தான் பேசி முடித்தாள். அவளுக்கு அல்லிநகரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. அங்கேயே விடுதியில் தங்கிக்கொண்டு மாதம் ஒருமுறை வருவாள். "நான் இங்கன இருக்கேன், நீ அங்கன தனியா உக்காந்து டீவிகூடப் பேசிக்கிட்டிருக்க. வேணாம்மா" என்று போனிலேயே சண்டை போட்டுச் சம்மதிக்க வைத்தாள். காலைப் பூசை முடிந்த பிறகு, மாதா கோவிலில் பத்துப் பேர் மட்டும் நிற்கக் கல்யாணம் நடந்தது.

திங்கட்கிழமை காலை கம்பத்தில் ஜீப் ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் அவர் இறங்குவார். நான் காமயகவுண்டன்பட்டியில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. எங்களுக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும்தான். அதிலும் அவர் விருந்துக்கு வந்தவர் மாதிரியே இருந்தார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். குளித்த வாளியைக் கவிழ்த்து வைப்பார். என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். கூடத்தில் என் முதல் கணவரின் படம் மாட்டியிருந்தது. எடுத்து உள்ளே வைக்கட்டுமா என்று ஒருநாள் தயங்கிக் கேட்டேன். "எதுக்கு டீச்சர்? இது அவுக வீடுதானே" என்றார்.

மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்தார். எனக்குப் பிஸ்கட் வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்து மூடியைத் திறந்தேன். உள்ளே பழைய பனியன் துணியில் சுற்றிச் சுற்றி இரும்பும் பித்தளையுமாக இருந்தது. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சிலிண்டர், அதற்குள் போய்வர ஒரு பிஸ்டன், ஒரு அச்சு, அச்சைத் தாங்க இரண்டு பேரிங், உள்ளங்கை அகலத்தில் ஒரு கனத்த சக்கரம். இன்னொரு பையில் சின்னச் செம்புப் பாய்லர்.

"என்னங்க இது?"

"நீராவி எஞ்சின் டீச்சர். மாடல். ஃபேக்டரி ஃபிட்டர் ஒவ்வொண்ணாக் கடைஞ்சு குடுத்தாரு. ஆறு வருசமாச் சேத்தது."

"எதுக்கு?"

சக்கரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "முப்பது வருசமா ஆவி போட்டுக்கிட்டிருக்கேன். அது குழாய்க்குள்ளயே போயி, இலையக் காயவச்சுட்டு, தண்ணியாத் திரும்பி வந்துருது. அது ஒரு சக்கரத்தச் சுத்தவச்சு நான் பாத்ததில்ல."

அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

எல்லாவற்றையும் ஒரு பலகையில் பொருத்த வேண்டும். எஸ்டேட் குவார்ட்டர்ஸில் அதற்கு இடமில்லை என்பதால் இத்தனை நாள் டின்னிலேயே இருந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு கம்பத்தில் பழக்கடையிலிருந்து பெட்டிப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து பொருத்திப் பார்த்தார். திருகைப் போட்டதும் பலகை விரிசல் விட்டது. அதற்கடுத்த வாரம் மாம்பலகை. பச்சை மரமாக இருந்திருக்க வேண்டும், ஒரு வாரம் வீட்டில் கிடந்ததற்கே முதுகு வளைந்துவிட்டது. பலகை அரை நூல் வளைந்தாலும் சிலிண்டரும் அச்சும் நேர்கோட்டில் நிற்காது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் என்றார். காய்ந்த தேக்குதான் சரி, பார்ப்போம், எங்காவது கிடைக்கும் என்று டின்னை மூடி வைத்தார்.

காய்ந்த தேக்கு எங்கள் வீட்டிலேயே இருந்தது எனக்குத் தெரியும்.

என் முதல் கணவர், என் பள்ளிப் புத்தகங்களை வைக்க ஒரு தட்டு செய்து தருகிறேன் என்று வாங்கி வந்த பலகை அது. ஐந்தடி நீளம். அளந்து, பென்சிலால் கோடு போட்டு, "பக்கப் பலகை, 1½ அடி" என்று எழுதி பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். தோட்டத்தில் திராட்சை வெட்டு முடியட்டும், பிறகு அறுக்கிறேன் என்றார். அந்த வெட்டு முடிவதற்குள் ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தோட்டத்திலேயே உட்கார்ந்தவர் எழவே இல்லை. மகளுக்கு அப்போது ஆறு வயது. அதன் பிறகு வெள்ளையடிக்கும்போதுகூட நான் அந்தப் பலகையை நகர்த்தவிட்டதில்லை.

மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இருந்தேன். அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் வெறுங்கையோடு வந்து, டின்னைத் திறந்து, துணியால் துடைத்துத் துடைத்து மூடுவதைப் பார்த்தேன். நாலாவது ஞாயிறு, பூசையிலிருந்து வந்ததும் பீரோவை நகர்த்தச் சொன்னேன்.

பலகையைக் கூடத்துக்கு இழுத்து வந்து ஒட்டடையைத் துடைத்தபோதுதான் அந்த எழுத்தை அவர் பார்த்தார். யார் எழுதியது என்று கேட்கவில்லை. பலகையை மெதுவாகச் சுவரில் சாய்த்தார்.

"இது வேணாம் டீச்சர்."

"நான் சொல்றேன், அறுங்க."

"எங்கன அறுக்க?"

"அவுக போட்ட கோட்டுலயே அறுங்க. ஒன்றரை அடி உங்களுக்குப் போதும்ல?"

போதும் என்று தலையாட்டினார். ரம்பத்தைக் கோட்டில் வைத்து வெகுநேரம் இழுக்காமல் நின்றார். நான் பலகையின் மறுமுனையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பிறகு இழுத்தார். உள்ளே மரம் நேற்று அறுத்தது போல வாசம் அடித்தது.

இழைப்புளியை எடுத்தவர், எழுத்து இருந்த பக்கத்தைக் கீழே திருப்பி வைத்தார். "அந்தப் பக்கத்த இழைக்க வேணாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகள்தான் நாங்கள் உண்மையில் குடித்தனம் நடத்திய நாட்கள் என்று இப்போது தோன்றுகிறது. அவர் காகிதத்தில் படம் வரைந்து, அதை இடவலமாகத் திருப்பி வைத்து வெகுநேரம் கணக்குப் பார்த்து, பலகைமேல் ஒட்டி, ஆணி முனையால் இடம் குறித்துக்கொண்டார். பள்ளியில் கரும்பலகைக்கு வைத்திருக்கும் பெரிய மூலைமட்டத்தை நான் கொண்டுவந்தேன். சக்கரம் பலகைக்குக் கீழேயும் கொஞ்சம் இறங்கிச் சுற்ற வேண்டும், அதற்காக ஒரு நீளத் துளை போட்டு, இரண்டு முனையிலும் அடியில் கட்டை கொடுத்துப் பலகையை உயர்த்தினார். திருகுகளைச் சோப்பில் தேய்த்து முறுக்கினார், அப்போதுதான் தேக்கு விரிசல் விடாமல் திருகை உள்ளே விடுமாம். எல்லாம் பொருத்திய பிறகும் அச்சு ஒரு சுற்றில் ஓரிடத்தில் முட்டியது. அவர் சிலிண்டரையே நகர்த்திக்கொண்டிருந்தார். நான் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன்.

"இந்தப் பேரிங் ஒரு தாள் கனம் தாழ்ந்திருக்கு பாருங்க."

"தாள் கனமா?"

தினசரி காலண்டரில் கிழித்த தாளில் ஒரு துண்டை நறுக்கி அந்தப் பேரிங்குக்கு அடியில் கொடுத்தேன். அச்சு முட்டாமல் சுற்றியது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மகள் வரும்போது முதன்முதலாக ஓட்டலாம் என்று வைத்திருந்தோம். அவள் வந்தாள். மேசைமேல் இருந்ததை ஆசையாகத்தான் முதலில் தொட்டுப் பார்த்தாள். பிறகு கை பலகையில் நின்றது. எழுந்துபோய் பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே குறுகிப்போன மிச்சம்தான் இருந்தது.

"அப்பா பலகையாம்மா இது?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

 இந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்தவளே அவள்தானே, ஒரு பலகைக்கா இப்படி என்று எனக்குள் கோபம் வந்தது. அவள் சாப்பிடாமல் மத்தியான டவுன் பஸ்ஸில் கிளம்பிவிட்டாள்.

 பஸ் போனதும் அவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பன்னிரண்டு திருகையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, பனியன் துணியில் சுற்றி டின்னில் வைத்தார். "வேணாங்க, விடுங்க" என்றேன். "புள்ளைக்குப் பிடிக்கல டீச்சர். அது சின்னப் புள்ளையிலருந்து பாத்த பலகை" என்றார். பலகையைப் பழைய இடத்திலேயே சாய்த்தார். மறுநாள் ஜீப் ஏறிப் போய்விட்டார்.

புதன்கிழமை வீடு கூட்டும்போது பலகையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். எழுத்து அப்படியே இருந்தது. சக்கரத்துக்குப் போட்ட துளை எழுத்துக்கு ஒரு விரல்கடை தள்ளிப் போயிருந்தது. படத்தை இடவலமாகத் திருப்பி வைத்து அவர் அத்தனை நேரம் கணக்குப் பார்த்தது எதற்காக என்று அப்போதுதான் விளங்கியது. ஒரு திருகின் முனைகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கட்டையான திருகாகத் தேடி வாங்கியிருக்கிறார்.

செல்போனில் அதைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை. அரை மணி நேரத்தில் கூப்பிட்டாள். அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

"இழைச்சு அழிச்சுட்டீகன்னு நெனச்சேம்மா. அப்பா கையெழுத்துன்னு எங்கிட்ட வேற ஒண்ணுமில்ல. ஒளிஞ்சு வெளையாடும்போது அங்கன உக்காந்து அந்த எழுத்தத்தான் தடவிக்கிட்டிருப்பேன்."

அந்தப் பலகை எனக்கு மட்டும்தான் சொந்தம் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவளைக் கேட்டிருக்க வேண்டும். அதைச் சொன்னேன்.

"இழைக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு, நீயா?"

"அவுகதான் சொன்னாக."

 "ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

வந்ததும் நேராக அவரிடம் போனாள். அவர் வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். "திரும்ப மாட்டுங்க. நான் இருக்கும்போதே மாட்டுங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் டின்னை எடுத்து வந்தேன்.

ஒருமுறை கழற்றிய துளைகளில் திருகு லொடலொடவென்று ஆடியது. அவர் தீக்குச்சியின் மருந்தைக் கிள்ளி எறிந்துவிட்டு, குச்சியைப் பசையில் தோய்த்துத் துளையில் செருகி, மட்டமாக ஒடித்தார். மகள் அடுத்தடுத்த துளைகளைத் தானே செய்தாள். காலண்டர் தாளை நான் புதிதாகக் கிழித்துக் கொடுத்தேன். பாய்லருக்கு அடியில் மரம் கருகாமலிருக்கத் தகரம் வைத்து, நாலு திருகையும் மகளே முறுக்கினாள்.

"இன்னும் அரைச் சுத்து, ஆத்தா. போதும், போதும்" என்றார் அவர்.

பாய்லரில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார். பத்து நிமிடம் மூவரும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். செம்பு முனக ஆரம்பித்தது. வால்வைத் திறந்தார். சிலிண்டர் வெந்நீரைத் துப்பியது. சக்கரம் அசையவில்லை.

"வெரலால ஒரு தள்ளு தள்ளு" என்று மகளிடம் சொன்னார்.

அவள் தள்ளினாள். இரண்டு சுற்று முக்கி, மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. மேசையே கிடுகிடுவென்று நடுங்கியது. பலகை மெல்ல ஓரத்துக்கு நகர்வதைப் பார்த்து நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். அவர் பிடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, சக்கரத்தின் ஆரங்கள் மறைந்து ஒரே வட்டமாகத் தெரிவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைக்கவுமில்லை, மறைக்கவுமில்லை.

தண்ணீர் தீர்ந்து அது நின்ற பிறகு மகள்தான் முதலில் பேசினாள். சக்கரம் வெறும் இரும்பாக இருக்கிறது, பெயின்ட் அடிக்க வேண்டாமா என்றாள். சிவப்பு அடிக்கலாம் என்றிருப்பதாக அவர் சொன்னார்.

"சிவப்பா? சே. பச்சை அடிங்க."

சாப்பாட்டைக்கூட வைக்கச் சொல்லாமல் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை கம்பத்தில் எந்தப் பெயின்ட் கடை திறந்திருக்கும் என்று நான் கத்தியது காதில் விழவில்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பாதி தூரம் போனவரை மகள் ஓடிப்போய் நிறுத்தி, இலைப் பச்சையா கிளிப் பச்சையா என்று விளக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் வெயிலில் நின்றே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.