ஏரிக்கு எட்டாத சுவிட்சு

மண்ணூரில் ஏரிக்குக் கீழே தாழ்வாகக் கிடக்கிற அந்த வீட்டின் கீழ்த்தளத்தை, கம்பெனிக்குப் போகும் பெண்கள் தங்குகிற அறைகளாக மாற்றினார்கள். ஒயரிங் வேலை என்னிடம் வந்தது. பழைய வெள்ளத்தின் கறை சுவரில் என் இடுப்பளவுக்கு இருந்தது. வீட்டுக்கார அக்கா அதைத் தொட்டுக் காட்டி, "இம்மாந்தான்பா வந்துச்சு. ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிடுச்சு" என்றார், விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோல.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஈரக்காலோடு ஒரு பெண் சுவிட்சில் கை வைப்பதே கண்ணுக்குள் நின்றது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கணக்கு வராது, பயத்தைக் கூட்டிக்கொண்டே போக மட்டும் நன்றாக வரும். சுவிட்சுக்கும் பிளக்குக்கும் கறைக்கு மேல் இரண்டடி போதும் என்றுதான் முதலில் கோடு கிழித்தேன். ஏரிக்கு இன்னும் கொஞ்சம் ஆசை வந்தால்? இன்னொரு அடி ஏற்றினேன்.

ஸ்ரீபெரும்புதூரில் எலெக்ட்ரிக்கல் கடைக்காரர் எனக்குப் பழக்கம். இரும்புக் குழாய் எடுத்துப் போட்டார், துருப்பிடிக்கும் என்றேன். பிளாஸ்டிக் குழாயில் மெல்லியதை எடுத்தார். விரிசல் விடும் என்றேன். கனமானதைக் கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தேன்.

"இன்னா தலைவா, வூட்டுக்கா, நீர்மூழ்கிக் கப்பலுக்கா?"

"எப்படிப் பசை போட்டு ஒட்டினாலும் தண்ணி உள்ளே போயிடும்ணே. போனாலும் ஒண்ணும் ஆவக்கூடாது."

அதனால் தரையில் குழாயே பதிக்கவில்லை. கூரை வழியாகக் கொண்டுவந்து, மேலிருந்து கீழே சுவிட்சுப் பெட்டிக்கு இறக்கினேன். கறைக்குக் கீழே ஓர் இணைப்புகூட இல்லை. தொட்டி மோட்டாருக்கு முழு நீளக் கேபிள், நடுவில் ஒட்டு கிடையாது. கீழ்த்தளத்துக்குத் தனி லைன். கரண்ட் எங்காவது கசிந்தால் தானே வெட்டிவிடும் டிரிப்பர் ஒன்றும் மாட்டினேன்.

பெண்கள் குடிவந்த அன்றே போன். தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இருப்பவர்களிலேயே குட்டை.

"யாருக்குண்ணே இப்படி மாட்டிருக்கிய? ஒட்டகச்சிவிங்கியா குடிவரப் போவுது? விளக்குமாத்துக் கட்டையாலதான் லைட்டுப் போடுதோம்."

"பாதுகாப்பும்மா" என்றேன். பெருமையாகக்கூட இருந்தது.

ஐப்பசியில் ஒரு காலை அவளே மறுபடி கூப்பிட்டாள். "ஏரி வரலண்ணே. ஆனா கரண்டு போயிட்டு."

ஓடினேன். தெருத்தண்ணீர் வாசல்படி தாண்டி அறைக்குள் கணுக்கால் அளவுக்கு நின்றது. அதற்குள் ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி மூழ்கிக் கிடந்தது. அதன் ஒயர், நான் ஆறடி உயரத்தில் மாட்டிய பிளக்கிலிருந்து தொங்கியது. டிரிப்பர் வெட்டியிருந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை என்று நாலு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டுதான் படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

"பெட்டியைத் தரையில யாரும்மா வெச்சது?"

"போன் ஒயரு ஒரு முழந்தான் இருக்கு. நாங்க என்ன பல்லியா, சுவத்துல ஒட்டிக்கிட்டுச் சார்ஜ் போட?"

தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று பார்த்தேனே தவிர, போன் ஒயர் எவ்வளவு தூரம் எட்டும் என்று பார்க்கவில்லை. ஏரியிடமிருந்து தூக்கி வைத்த கரண்ட்டை நானே தரையில் இறக்கிவிட்டிருக்கிறேன்.

வீட்டுக்கார அக்கா மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏம்பா, ஏரியை அளந்தியே, இந்தப் பொண்ணை அளந்தியா?"

தண்ணீர் வடிந்து சுவர் காய்ந்ததும் அளந்தேன். அவளைச் சுவரோரம் நிற்கச் சொல்லி, தோள் உயரத்தில் பென்சிலால் கோடு போட்டேன். கறைக்கு அப்போதும் முக்கால் அடி மேலேதான் இருந்தது. எல்லாச் சுவிட்சுப் பெட்டியையும் அங்கே இறக்கி, பக்கத்தில் போன் வைக்க ஒரு பலகை அடித்தேன். எக்ஸ்டென்ஷன் பெட்டியை என் பையில் போட்டுக்கொண்டேன்.

"இதுக்கு மேல ஏத்திராதியண்ணே. நான் இனிமே வளரமாட்டேன்" என்றாள்.

இப்போதும் வானம் இருட்டினால் போன் செய்துவிடுவேன். நான் வாய் திறக்கும் முன்பே அவள் சொல்லிவிடுகிறாள்: "தரையில செருப்பு மட்டுந்தாண்ணே இருக்கு."