நாலு பேர் படகு

நாசரேத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற டிக்சனுக்கு ‘முடியாது’ என்ற சொல் மட்டும் வாயில் வராது. அவனை என்ன படிக்க வைப்பது என்று முடிவு செய்தவர் அண்ணன் எபனேசர். என்ன கடை வைப்பது, யாரைக் கட்டுவது, கடைச் சுவருக்கு என்ன வண்ணம் அடிப்பது எல்லாம் அவர் முடிவுதான். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பள்ளிக்கூடத்திலிருந்துதான் ஓய்வு, தம்பி வீட்டிலிருந்து இல்லை. டிக்சன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான். தங்கமான மனுஷன் என்று ஊர் சொல்லும். தலையாட்டுகிறவனை எந்த ஊர்தான் குறை சொல்லியிருக்கிறது?

அவனுக்கென்று இருந்தது தூண்டில் ஒன்றுதான். முக்காணியைத் தாண்டித் தாமிரபரணி கடலைப் பார்க்க இறங்கும் இடத்தில் ஆறு கிளை கிளையாகப் பிரியும். நடுவே அலையாத்தி மரங்கள் மண்டிய திட்டுகள். ரோடு கிடையாது, நடந்தால் முழங்கால் வரை சேறு வாங்கும். அந்தத் திட்டுகளின் ஓரத்தில்தான் கொடுவா மீன் நிற்கும். படகில்லாமல் அங்கே போக முடியாது.

போன வருஷம் டிக்சனும், பக்கத்தில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிற பாலகணேஷும் யாரிடமோ ஒரு கடல் வள்ளத்தை இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். பெரிய மீன் ஒன்று கடித்தது. பாலகணேஷ் சந்தோஷத்தில் எழுந்து நின்றான். ஒடுங்கிய வள்ளம் ஒரு பக்கமாகப் புரண்டுவிட்டது. ஆறில்லாத தேரிச் செம்மணலில் பிறந்தவர்களுக்கு நீச்சல் எங்கே வரும்? இருவரும் அலையாத்தி வேரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். வடிகிற நீர் அவர்கள் கால்களைக் கடல் பக்கமாக இழுத்துக்கொண்டே இருந்தது. புன்னைக்காயல் மீனவர்கள் தற்செயலாக அந்தப் பக்கம் வந்ததால் பிழைத்தார்கள். வீட்டில் மூச்சு விடவில்லை டிக்சன். ஆனால் காதுக்குள் இருந்த சேறு காட்டிக் கொடுத்துவிட்டது.

அவன் மனைவி ஜெபசுதா சாத்தான்குளத்தில் அறிவியல் டீச்சர். அழுது முடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னாள்.

“போவாதீங்கன்னு சொன்னா தலையாட்டிட்டுத் திருட்டுத்தனமாப் போவீய. அதனால போங்க. ஆனா படகை நான்தான் பாப்பேன்.”

அப்படித்தான் கணவனும் மனைவியும் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் போய் நின்றார்கள். ஃபைபர் படகு செய்கிற சிவனணைந்தபெருமாள் முதலில் காட்டிய படகு நீலநிறத்தில், கூர்மூக்கோடு, பார்க்கவே அத்தனை அழகு. டிக்சன் பெண் பார்க்க வந்தவனைப் போல அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அலையை வெட்டிக்கிட்டுப் போவும் அண்ணாச்சி. கடல்ல ஓடுனது ஆத்துல ஓடாதா?” என்றார் சிவனணைந்தபெருமாள்.

“தண்ணியில இறக்குங்க. இவ்வொ அதுல எந்திரிச்சு நிக்கட்டும்,” என்றாள் ஜெபசுதா.

ஓடைத் தண்ணீரில் இறக்கினார்கள். டிக்சன் நின்றான். படகு மெதுவாக ஆடியது. “இப்ப தூண்டி வீசுத மாதிரி கையை வீசுங்க,” என்றாள் கரையிலிருந்து. வீசினான். படகு புரளப் பார்த்தது. அவன் பொத்தென்று உட்கார்ந்துகொண்டான். போன வருஷத்து வேர் மறுபடி கைக்குள் வந்ததுபோல் இருந்தது அவனுக்கு. அந்த நீலப் படகின் மேலிருந்த ஆசை அதோடு போயிற்று. மேலும், அந்தக் கூர் அடிப்பாகம் ஆழம் கேட்கும். ஆற்றில் நீர் வடிந்தால் சேற்றில் குத்தி நின்றுவிடும் என்று ஜெபசுதா சொன்னதைப் படகுக்காரரும் மறுக்கவில்லை.

காற்றடிக்கிற ரப்பர் படகு போதும், டிக்கியில் மடித்து வைத்துக்கொள்ளலாம் என்று பாலகணேஷ் போனில் யோசனை சொன்னான். அலையாத்தி வேரெல்லாம் சிப்பி ஒட்டிக்கிடக்கும், ஒரு கீறல் போதும். அதையும் விட்டார்கள்.

கடைசியாக எடுத்தது, ஒரு மூலையில் கிடந்த தட்டைப் படகு. அகலமாக, அழகில்லாமல், மாட்டுத்தொட்டி மாதிரி இருந்தது. அதில் டிக்சன் நின்றான், நடந்தான், வீசினான், அது அசையவில்லை. பலகை இருக்கைகளுக்கு அடியில் தெர்மாகோல் அடைத்து மூடியிருந்தார்கள். தண்ணீர் நிறைந்தாலும் முழுகாது. சிறிய மோட்டார், ஆழமில்லாத இடத்தில் தூக்கிக்கொள்ளலாம்.

“நாலு ஆளு,” என்றார் சிவனணைந்தபெருமாள். “அதுக்கு மேல ஏத்தாதீய. தட்டைப் படகு லேசுல சாயாது. ஆனா பாரம் கூடி ஒருவாட்டி சாஞ்சுட்டா நிமிராது.”

ஜெபசுதா நாலு மிதவைச் சட்டைகளும் வாங்கிக்கொண்டாள். இத்தனை கவனமாக அந்த வீட்டில் மருமகன்கூடத் தேடமாட்டார்கள்.

ஆனால் டிக்சன் படகு வாங்கியதை அண்ணனிடம் சொல்லிவிட்டான். அந்தப் பக்கம் புது சைக்கிள் வாங்கினாலும் ஐயர் ஜெபம் பண்ணாமல் சக்கரம் உருளாது. சபைக் குருவை அங்கே ஐயர் என்றுதான் சொல்வார்கள். ஜெபம் முடிந்ததும் வீட்டுப் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். கார் என்றால் நெருக்கி உட்கார்ந்து, கதவை இரண்டு தரம் அறைந்து சாத்திவிட்டுப் போகலாம். அப்படியே பழகிய ஜனம்.

சனிக்கிழமை காலை ஆற்றங்கரையில் வேதமணி ஐயர் உருக்கமாக ஜெபித்தார். ஆமென் சொன்ன கையோடு எபனேசர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் ஏறினார். அவர் மனைவி ஞானபாய் ஏறினாள். ஐயர் ஏறினார். ஐயரம்மாவும் ஏறினார். கர்த்தர் ஞானபாய்க்கும் ஐயரம்மாவுக்கும் உடம்பில் குறை வைக்கவில்லை. போதாததற்கு, எதிரே இருக்கிற மணல்திட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஞானபாய் ஓர் அண்டா நிறைய மட்டன் பிரியாணி கொண்டுவந்திருந்தாள். அதுவும் ஏறியது.

“நீயும் வா ஏளா,” என்றாள் ஞானபாய்.

ஜெபசுதா டிக்சனைப் பார்த்தாள். “ஏங்க, ரெண்டு தடவையாப் போவோம்னு சொல்லுங்க,” என்றாள் அடிக்குரலில்.

டிக்சன் வாயைத் திறந்தான். “அண்ணாச்சி, இது நாலு பேருக்குத்தான்…”

“எல்லாம் நம்ம ஆளுதானலே. எடு வண்டியை,” என்றார் எபனேசர்.

டிக்சன் தலையாட்டினான். அவனைத் தனியாக விட மனமில்லாமல் ஜெபசுதா ஏறி அவன் அருகில் உட்கார்ந்தாள். மிதவைச் சட்டைகளைப் பெண்களுக்கும் ஐயருக்கும் கொடுத்தான். அத்தோடு சட்டை தீர்ந்தது. கரையில் நின்ற பாலகணேஷின் முகம் வெளுத்திருந்தது.

படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. வற்று நேரம், ஆறு முழுவதும் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. திருப்பிவிடலாமா என்று டிக்சன் ஒவ்வொரு கணமும் நினைத்தான், ஒவ்வொரு கணமும் அண்ணனின் முதுகைப் பார்த்துப் பேசாமலிருந்தான். ஐயர் பாட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் பாடினார்கள்.

நடு ஆற்றில் எதிரே ஒரு மீன்பிடிப் படகு வேகமாக வந்து கடந்து போனது. “ஐயரே, பாருங்க, என்னா வேகம்!” என்று எபனேசர் எழுந்து அந்தப் பக்கம் சாய்ந்தார். படம் எடுக்க ஞானபாயும் எழுந்தாள். அந்தப் படகு கிளப்பிய அலை அதே பக்கத்தில் வந்து மோதியது. விளிம்பு கீழே போனது. தண்ணீர் மடமடவென்று உள்ளே வந்து எல்லோர் காலையும் நனைத்தது. ஐயரம்மா அலறினார். ஜெபசுதாவின் நகம் டிக்சன் தொடையில் இறங்கியது.

“ஏலே எபனேசர்! உக்காருலே!”

கத்தியது தன் தொண்டைதானா என்று டிக்சனுக்கே தெரியவில்லை. எபனேசர் அடி வாங்கிய பையனைப் போல உட்கார்ந்தார். கூடவே ஞானபாயும் உட்கார்ந்தாள். படகு கவிழலாமா வேண்டாமா என்று நின்றது.

“யாரும் அசையக் கூடாது. அண்டாவைத் தூக்கி வெளிய போடுலே! ஒன்னத்தான்!”

ஞானபாய் அண்டாவைக் கட்டிக்கொண்டாள். எபனேசர் அவள் கையை விலக்கி, அண்டாவை விளிம்புக்கு மேல் தள்ளினார். ஒரு குடும்பத்தின் மத்தியானச் சாப்பாடு மொத்தமும் ஆற்றோடு போனது. அண்டா மூடி மட்டும் உள்ளே கிடந்தது. ஐயர் அதை எடுத்துக் கேட்காமலே தண்ணீரை அள்ளி வெளியே ஊற்ற ஆரம்பித்தார். விளிம்பு கொஞ்சம் மேலே வந்தது. டிக்சன் மோட்டாரைத் தணித்து, ஓட்டத்தோடு சண்டை போடாமல், அதன் போக்கிலேயே சாய்வாக விட்டு மணல்திட்டில் கொண்டுபோய் ஏற்றினான். அடிப்பாகம் மணலில் உரசிய பிறகுதான் மோட்டார்ப் பிடியிலிருந்து கையை எடுத்தான்.

எல்லோரும் திட்டில் இறங்கினார்கள். ஞானபாய், “கூடப்பொறந்த அண்ணனை ஏலேன்னு கூப்பிட்டுட்டானே,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஐயர் குறுக்கிட்டு, “உசிரோட இருக்கப்போயிதான இதைப் பேசுதோம்,” என்றார். எபனேசர் தண்ணீரைப் பார்த்தபடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். டிக்சன் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் மன்னிப்புக் கேட்டுவிடுவான் என்று அவனுக்குத் தெரியும்.

படகிலிருந்த தண்ணீரை இறைத்து முடித்தான். “மொதல்ல அண்ணியும் ஐயரும் ஐயரம்மாவும்,” என்றான். மூவரும் ஏறி உட்கார்ந்தார்கள். அவர்களைக் கரையில் விட்டுவிட்டு, மிதவைச் சட்டைகளை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். ஜெபசுதா ஏறினாள். எபனேசர் இன்னும் அங்கேயே நின்றார். தன்னை விட்டுவிட்டுப் போகச் சொல்வாரோ, இனி வீட்டு வாசலை மிதிக்காதே என்பாரோ என்று டிக்சன் பயந்தான்.

எபனேசர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து வந்தார். படகின் விளிம்பைப் பிடித்தார். ஏறவில்லை.

“எங்கன உக்காரணும்?” என்று கேட்டார்.